ஏமஸ் மில்பர்னின் இடது கை

வந்த கேள்வி இது: "ராக் அண்டு ரோல் பியானோக்காரர் ஃபேட்ஸ் டாமினோவைத் தொடர்ந்து கேட்டுவருகிறேன். அவருக்கு முன்னோடி என்று ஏமஸ் மில்பர்ன் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. தேடினால் விஸ்கி, ஸ்காட்ச், பீர் என்று குடிப்பாட்டாகவே வந்து விழுகிறது. இவர் வெறும் குடிப்பாட்டுக்காரர்தானா? ரெக்கார்டிங் வாழ்க்கை எப்படிப் போனது? எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?"

பதிலுக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். மில்பர்னை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ஃபோனில் அடிநாதம் எழும்பாது. பாட்டு வரும், சாக்ஸஃபோன் வரும், பியானோவின் வலது கை வரும். இடது கை காணாமல் போய்விடும். இவர் விஷயத்தில் இடது கையை விட்டால் பாதி ஆள் போன மாதிரி. சுமாரான இயர்ஃபோனாக இருந்தாலும் பரவாயில்லை, மாட்டிக்கொள்ளுங்கள்.

அது என்ன இடது கை? பூகி-வூகி என்ற பியானோ பாணியில் இடது கை ஒரே ஒரு சின்னத் தொடரைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். நாலு தட்டுக்கு எட்டு அடி, நிற்காமல். வலது கை அதைப் பற்றிக் கவலையே படாமல் தன்பாட்டுக்கு விளையாடும். அம்மியில் அரைத்துக்கொண்டே வாசலில் நிற்பவரிடம் வம்பளக்கிற பாட்டியைப் பார்த்திருப்பீர்கள். குழவி அதே சீரில் போய்வரும். பேச்சு எங்கெங்கோ போகும், நடுவில் சிரிப்பு வரும், கோபம் வரும், குழவியின் வேகம் மட்டும் மாறாது. ஆல்பர்ட் அம்மன்ஸ், பீட் ஜான்சன், மீட் லக்ஸ் லூயிஸ் ஆகிய மூவரும் 1938 வாக்கில் இந்தப் பாணியை நியூயார்க்கின் கார்னகி ஹால் மேடைவரை கொண்டுபோனார்கள். மில்பர்ன் அவர்களுக்கு அடுத்த தலைமுறை. அவர்கள் பியானோவுக்காகவே பியானோ வாசித்தார்கள். இவர் அந்த இடது கையை ஒரு சின்ன பேண்டுக்கு எஞ்சினாக மாட்டி, அதன் மேல் உட்கார்ந்து பாடினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் ஜம்ப் புளூஸ் என்கிற வகை கிட்டத்தட்ட இதுதான். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பதினைந்து பதினாறு பேர் கொண்ட பெரிய பேண்டுகளை நடத்திக் கட்டுப்படியாகவில்லை. ஆட்களைக் குறைத்தார்கள், சத்தத்தைக் குறைக்கவில்லை. ஒன்றிரண்டு சாக்ஸஃபோன், கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஒரு பியானோ, நடனமாட வைக்கிற வேகம். லூயி ஜோர்டான் இதில் பெரிய பெயர். அவர் சாக்ஸஃபோன்காரர். பியானோவிலிருந்து பேண்டை நடத்தியவர்களில் என் ஓட்டு மில்பர்னுக்கு.

ஆள் டெக்ஸஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரத்துக்காரர். 1927 ஏப்ரல் 1-ஆம் தேதி பிறந்தார். வீட்டில் மொத்தம் பதிமூன்று பிள்ளைகள். ஐந்து வயதிலேயே பியானோவில் மெட்டுகளைத் தடவ ஆரம்பித்துவிட்டார் என்கிறார்கள். பதினைந்து வயதில் வயதைக் கூட்டிச் சொல்லி அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். பிலிப்பைன்ஸ் பக்கம் நடந்த சண்டைகளில் இருந்துவிட்டு, பதிமூன்று போர் நட்சத்திரங்களோடு ஊர் திரும்பினார். அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. ஹூஸ்டனில் பதினாறு பேர் கொண்ட பேண்டு ஒன்றைச் சேர்த்து கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் லோலா ஆன் கல்லம் வருகிறார். ஹூஸ்டனில் ஒரு பல் டாக்டரின் மனைவி. ரெக்கார்டு கம்பெனி எதற்கும் சம்பளத்துக்கு வேலை செய்தவர் அல்ல. ஆனால் காது கூர்மை, துணிச்சல் அதைவிட அதிகம். 1946-இல் மில்பர்னைக் கூட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போனார். அங்கே எடி மெஸ்னர், லியோ மெஸ்னர் என்ற சகோதரர்கள் முந்தின வருஷம்தான் ஃபைலோ என்ற பெயரில் ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். அது சீக்கிரமே அலாடின் ரெக்கார்ட்ஸ் ஆனது. ஆமாம், நம்ம அற்புத விளக்கு அலாவுதீன்தான். எடி மெஸ்னர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரம், அந்த அம்மாள் அங்கேயே போய் மில்பர்னின் வாசிப்பைப் போட்டுக் காட்டி ஒப்பந்தம் வாங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அதே ஆண்டு கடைசியில் இன்னொரு ஹூஸ்டன்காரரையும் அதே கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சாம் ஹாப்கின்ஸ் என்ற கிட்டார்காரர். கூட வந்த பியானோக்காரர் 'தண்டர்' ஸ்மித், அதாவது இடி. இடி இருந்தால் மின்னல் வேண்டாமா? ஹாப்கின்ஸுக்கு 'லைட்னிங்' என்று பெயர் விழுந்தது. பிற்காலத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த லைட்னிங் ஹாப்கின்ஸ் இவர்தான். இரண்டு பெரிய கலைஞர்களை ஒரே வருஷத்தில் கொண்டுவந்த ஒரு பெண்மணிக்கு புளூஸ் வரலாற்றில் ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டாமா? பெரும்பாலும் ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1946 செப்டம்பர் 12-ஆம் தேதி முதல் பதிவு. அதில்தான் 'டவுன் த ரோட் எ பீஸ்' இருக்கிறது. பாட்டு இவருடையது அல்ல. டான் ரே எழுதி, வில் பிராட்லி பேண்டின் ஆட்கள் மூன்று பேர் 1940-இல் பதிவு செய்தது. அவர்கள் வெள்ளைக்காரர்கள், நாசூக்காக வாசித்திருப்பார்கள், நன்றாகவே இருக்கும். மில்பர்ன் வாசிப்பில் அந்த நாசூக்கு கழன்று விழுந்துவிடும். ஆரம்பத்திலேயே இடது கை உருள ஆரம்பித்துவிடும். பத்தொன்பது வயசுப் பையன், லாஸ் ஏஞ்சலஸில் முதல் தடவை மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், ஒரு துளி பதற்றம் கிடையாது. பின்னால் ராக் அண்டு ரோல் கிட்டார்காரர் சக் பெர்ரியும் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவும் இதே பாட்டை எடுத்துப் பாடினார்கள். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பெர்ரியின் கிட்டார் எதைப் பார்த்து ஓடுகிறது என்று புரியும்.

ஆனால் இந்த ரெக்கார்டு அவரை உடனே பெரிய ஆளாக்கவில்லை. அதே பதிவில் பாடிய 'ஆஃப்டர் மிட்நைட்' என்ற மெதுவான பாட்டு ஓரளவு விற்றது. சரி, பையன் தேறுவான் என்று கம்பெனிக்கு நம்பிக்கை வந்தது. அடுத்த ஒரு வருஷம் நிறையப் பதிவு செய்தார்கள். பெரிய வெற்றி எதுவும் கிட்டவில்லை.

மாற்றம் வந்தது 1947 கடைசியில். அதற்குக் காரணம் பாதி இசை, பாதி தொழிற்சங்கம். ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், 1948 ஜனவரி 1 முதல் எந்த உறுப்பினரும் ரெக்கார்டுக்கு வாசிக்கக் கூடாது என்று அறிவித்திருந்தது. ரெக்கார்டும், காசு போட்டால் பாட்டுப் போடும் ஜூக்பாக்ஸும் நேரில் வாசிப்பவர்களின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்பது சங்கத்தின் வாதம். உடனே கம்பெனிகள் எல்லாம் என்ன செய்தன? மழைக்கு முன்னால் வறட்டியை உள்ளே எடுத்து வைக்கிற மாதிரி, 1947-இன் கடைசி மாதங்களில் கையில் கிடைத்த கலைஞர்களையெல்லாம் ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்து பதிவு செய்து அடுக்கிக்கொண்டன. அப்படி அடுக்கி வைத்த சரக்கில் ஒன்று 'சிக்கன் ஷாக் பூகி'. 1948-இல் வெளியே வந்தது, அதுவும் இசைத்தட்டின் இரண்டாவது பக்கத்தில். கம்பெனி முன்பக்கத்துக்கு வேறொரு மெதுவான பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஜனங்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அந்த ஆண்டின் கடைசியில், கறுப்பின மக்கள் வாங்கும் ரெக்கார்டுகளுக்கென்று பில்போர்டு பத்திரிகை வைத்திருந்த பட்டியலில் முதலிடம்.

இந்த ஒரு பாட்டை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். சிக்கன் ஷாக் என்றால் ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கொட்டகை போட்டுக் கோழி பொரித்து விற்கிற இடம். ராத்திரி நேரமானால் பாட்டும் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். மில்பர்ன் பாட்டைப் பாடுவதைவிடப் பேசுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி போய்விட்டு வந்த இடத்தைப் பற்றி நண்பனிடம் சொல்கிற தொனி. வழி சொல்கிறார், கோழி எப்படி மொறுமொறுவென்று இருக்கும் என்கிறார், அங்கே போனால் ஆடாமல் இருக்க முடியாது என்கிறார். குரலில் அவசரமே இல்லை. அவசரமெல்லாம் இடது கையில். பேச்சின் இடைவெளிகளில் சாக்ஸஃபோன் வந்து 'ம்' கொட்டுகிறது. கதை கேட்கிறவர் உம் கொட்டுவாரே, அப்படி. நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு வலது கையால் ஒரு சுற்று வாசிப்பார் பாருங்கள், மேல்பக்கக் கட்டைகளில் ஒரே சுரத்தைப் படபடவென்று அடித்துவிட்டு அப்படியே கீழே வழுக்கி வருவார். மூன்று நிமிஷத்துக்குள் ஒரு ராத்திரி முழுக்க அந்தக் கொட்டகையில் இருந்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். எழுதியவர்கள் பட்டியலில் லோலா ஆன் கல்லத்தின் பெயரும் உண்டு. மில்பர்னின் பேண்டுக்கு இதற்கப்புறம் 'அலாடின் சிக்கன்ஷாக்கர்ஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த சாக்ஸஃபோனுக்குரியவர் மேக்ஸ்வெல் டேவிஸ். கான்ஸாஸில் பிறந்து முப்பதுகளில் லாஸ் ஏஞ்சலஸ் வந்தவர். அலாடின் கம்பெனியின் இசை நடத்துநர் என்று சொல்லலாம். யார் எங்கே வாசிப்பது, எங்கே அடங்குவது என்பதெல்லாம் இவர் கையில். மில்பர்னின் நல்ல ரெக்கார்டுகளில் பெரும்பாலானவை இந்த இருவரின் பேச்சுவார்த்தைதான். பியானோ இரைந்தால் சாக்ஸ் அடங்கும், பியானோ இடம் விட்டால் சாக்ஸ் உறுமும்.

'சிக்கன் ஷாக் பூகி' முதலிடத்திலிருந்து இறங்கின சூட்டோடு அடுத்ததும் முதலிடம் பிடித்தது. 'பிவில்டர்ட்'. இது நேர் எதிர். முப்பதுகளில் எழுதப்பட்ட பழைய காதல் பாட்டு. ரெட் மில்லர் ட்ரையோ என்ற குழுவின் பதிவும் அதே 1948-இல் முதலிடம் பிடித்திருந்தது. மில்பர்ன் அதை இன்னும் மெதுவாக்கி, ஒவ்வொரு சொல்லையும் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைக்கிறார். இடது கை இங்கே உருளாது, ஒவ்வொரு ஸ்வரக்கூட்டாக இறக்கி வைக்கும். இந்தப் பக்கத்தில் அவருக்கு வழிகாட்டி சார்லஸ் பிரவுன். 'டிரிஃப்டிங் புளூஸ்' பாடின, அதே ஊரில் அதே கம்பெனி வட்டாரத்தில் இருந்த, நிதானமான பியானோக்காரர். இருவரும் கடைசிவரை நண்பர்கள். மில்பர்னை வெறும் ஆட்டப்பாட்டுக்காரர் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது 'பிவில்டர்ட்'தான்.

1949 முழுக்க அவருடைய ஆண்டு. 'ஹோல்ட் மீ பேபி', 'இன் த மிடில் ஆஃப் த நைட்' என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டியலில் ஏறின. 'ரூமின் ஹவுஸ் பூகி' மூன்றாவது முதலிடம். ரூமிங் ஹவுஸ் என்றால் நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி. வேலை தேடி வந்த ஆட்கள் அறை எடுத்துத் தங்குகிற இடம். யுத்தக் காலத்தில் டெக்ஸஸ், லூசியானா பக்கத்திலிருந்து கறுப்பின மக்கள் கப்பல் கட்டும் தளங்களிலும் விமானத் தொழிற்சாலைகளிலும் வேலைக்காக ஆயிரக்கணக்கில் கலிஃபோர்னியா வந்தார்கள். இந்தப் பாட்டுகளை வாங்கினவர்களில் அவர்கள் நிறைய. கோழிக் கொட்டகையும் மேன்ஷன் அறையும் பாட்டில் வந்தது தற்செயல் இல்லை. 'ரூமின் ஹவுஸ் பூகி'யை எழுதியவர் ஜெஸி மே ராபின்ஸன். பின்னாளில் பேட்டி பேஜ் பாடிப் பெரிய வெற்றி பெற்ற பாட்டை எழுதியவரும் இவரே. பில்போர்டு தன் பட்டியலின் பெயரை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்பதிலிருந்து 'ரிதம் அண்டு புளூஸ்' என்று மாற்றியதும் இதே 1949 ஜூனில்தான். அந்தப் புதுப்பெயர் வந்த நேரத்தில் அந்தப் பட்டியலில் குடியிருந்தவர்களில் மில்பர்ன் ஒருவர்.

கணக்குப் பாருங்கள். மூன்று முறை முதலிடம், ஏராளமான மற்ற வெற்றிகள், எல்லாம் வந்தாகிவிட்டது. இன்னும் விஸ்கி வரவில்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குடிப்பாட்டு என்பது அவருடைய வாழ்க்கையின் இரண்டாம் பாதியில் வந்த முத்திரை.

விஸ்கியைக் கொண்டுவந்தவர் மேக்ஸ்வெல் டேவிஸ். 1950-இல் அவர் எழுதிய 'பேட், பேட் விஸ்கி'யை மில்பர்ன் பாடினார். குடித்துக் குடித்து வீட்டையும் நிம்மதியையும் இழந்த ஒருவனின் புலம்பல். 'குடி குடியைக் கெடுக்கும்' என்பதை மூன்று நிமிஷப் பாட்டாக்கினால் இப்படித்தான் இருக்கும். கொண்டாட்டமே இல்லை அதில். 1951 தொடக்கத்தில் முதலிடம் பிடித்தது. அவருடைய நாலாவது முதலிடம், கடைசியும் அதுவே. கம்பெனிக்குச் சூத்திரம் கிடைத்துவிட்டது. 'திங்கிங் அண்டு டிரிங்கிங்', 'லெட் மீ கோ ஹோம், விஸ்கி', 'ஒன் ஸ்காட்ச், ஒன் பர்பன், ஒன் பியர்', 'குட் குட் விஸ்கி', போதாக்குறைக்கு 'விஷியஸ் விஷியஸ் வோட்கா'. ஒரு கட்டத்தில் 'மில்க் அண்டு வாட்டர்' என்று பாலும் தண்ணீரும்கூட வந்தது. அதற்கு முந்தின தட்டுகளைக் கேட்டவர்களுக்குத்தான் அந்தத் தலைப்பின் நகைச்சுவை புரியும்.

இவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியது வேறு ஆட்கள். 'லெட் மீ கோ ஹோம், விஸ்கி' ஷிஃப்டி ஹென்றி என்ற பேஸ் கலைஞர் எழுதியது. எல்விஸ் பிரெஸ்லியின் 'ஜெயில்ஹவுஸ் ராக்' பாட்டுக்குள் வருகிற ஷிஃப்டி ஹென்றி என்ற பெயர் இவரிடமிருந்து போனதுதான். 1953-இல் வந்த 'ஒன் ஸ்காட்ச்' ரூடி டூம்ஸ் எழுதியது. க்ளோவர்ஸ் என்ற குழு பாடிய 'ஒன் மின்ட் ஜூலெப்' என்ற இன்னொரு பானப் பாட்டையும் அவரே எழுதினார். அந்தக் கடையில் அதுதான் சரக்கு போலிருக்கிறது.

'ஒன் ஸ்காட்ச்' பாட்டை இன்று பலரும் ஜான் லீ ஹூக்கர் பாடியதாகவோ ஜார்ஜ் தொரோகுட் பாடியதாகவோ அறிந்திருக்கிறார்கள். ஹூக்கர் அறுபதுகளில் அதைத் தன் பாணிக்கு மாற்றினார், தலைப்பில் இருந்த பானங்களின் வரிசையையும் மாற்றினார். தொரோகுட் 1977-இல் அதை எட்டு நிமிஷத்துக்கு மேல் இழுத்தார். ஹூக்கரிடம் மிரட்டல் இருக்கும், தொரோகுட்டிடம் கூத்து இருக்கும். மில்பர்னிடம் இருப்பது மரியாதை. பார் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிற ஆள், காதலி விட்டுப் போய்விட்டாள், ஆனாலும் பரிமாறுகிறவரிடம் பணிவாகக் கேட்கிறான், நான் வம்புக்கு வரவில்லை, பயப்படாதே என்கிறான். உள்ளே உடைந்த ஆள் வெளியே ஒழுங்காக நடந்துகொள்ளப் பார்க்கிறான். இடது கை இங்கே ஒரு நிதானமான ஆட்டத்தில் போகும், கொஞ்சம் தள்ளாடுகிற மாதிரி, ஆனால் விழாது. ரிதம் அண்டு புளூஸ் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது.

பாட்டில் பாடியதைத் தானும் கடைப்பிடித்தேன் என்று மில்பர்னே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அது உண்மைதான். ஆனால் குடிகாரர் என்பதால் அந்தப் பாட்டுகள் வந்தன என்று மட்டும் சொல்லிவிட முடியாது. விற்றதால் வந்தன. விற்ற பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிற கம்பெனி, எழுதித்தரத் தயாராக ஆட்கள், ஊர் ஊராகப் போகும்போது ரசிகர்கள் வாங்கித்தருகிற கோப்பை. எந்த முனையிலிருந்து இழுத்தாலும் அதே முடிச்சு.

அப்புறம் ராக் அண்டு ரோல் வந்தது. இங்கேதான் கதை வலிக்கிறது. வயதாகிவிட்டது, அதனால் இளைஞர்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். 1955-இல் மில்பர்னுக்கு இருபத்தெட்டு வயது. சக் பெர்ரி அவரைவிட ஐந்தரை மாதம் மூத்தவர்! ஃபேட்ஸ் டாமினோ ஒரு வயதுக்கும் குறைவாகத்தான் இளையவர். பாடகர் பிக் ஜோ டர்னர் 1911-இல் பிறந்தவர், அவரே ராக் அண்டு ரோல் காலத்துக்குத் தாண்டி வந்துவிட்டார். வயது காரணமில்லை. என் கணிப்பு, உருவான பிம்பம்தான் காரணம். பள்ளிக்கூடப் பையன்களும் பெண்களும் ரெக்கார்டு வாங்குகிற காலம் வந்துவிட்டது. அவர்களுக்குக் காரும் காதலும் பற்றி பெர்ரி பாடினார். டாமினோவின் குரலில் சிரித்த முகம் தெரிந்தது. விஸ்கியின் பெயரோடு ஒட்டிப்போன ஒருவரை அவர்களிடம் எப்படிக் கொண்டுபோவது? அலாடின் கம்பெனியும் அந்த நேரத்தில் தளர்ந்துகொண்டிருந்தது.

ஆனாலும் ஒரு முயற்சி செய்தார்கள். 1956-இல் மில்பர்னை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பி, கோசிமோ மடாசாவின் ஸ்டூடியோவில் 'சிக்கன் ஷாக் பூகி'யைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். டாமினோ 1949 டிசம்பரில் 'த ஃபேட் மேன்' பதிவு செய்தது மடாசாவிடம். லிட்டில் ரிச்சர்ட் கத்தினதும் மடாசாவிடம். இரண்டு பேருக்கும் சாக்ஸ் வாசித்த லீ ஆலன் இந்தப் பதிவிலும் இருக்கிறார். தன்னைப் பார்த்து வாசிக்கக் கற்றவர் புகழ்பெற்ற இடத்துக்கு, அந்தச் சத்தத்தைக் கடன் கேட்டு குரு போகிறார். பதிவு என்னவோ தீப்பிடித்த மாதிரி இருக்கும். வேகம் கூடியிருக்கிறது, டிரம்ஸ் முன்னால் வந்துவிட்டது, சாக்ஸ் கிழிக்கிறது. பழைய பதிவில் இருந்த 'நேற்று ராத்திரி என்ன நடந்தது தெரியுமா' என்ற தொனி மட்டும் இல்லை. எனக்கு இரண்டும் பிடிக்கும், சீக்கிரம் எழுந்து ஆட வேண்டுமென்றால் 1956, உட்கார்ந்து கேட்க வேண்டுமென்றால் 1947. ஆனால் விற்பனை எடுபடவில்லை. 1957 வாக்கில் அலாடினோடு இருந்த உறவு முடிந்தது.

அதற்குப் பிறகான ரெக்கார்டுகள் சிதறலானவை, வேகமாகவே சொல்லிவிடுகிறேன். 1959-இல் ஏஸ் கம்பெனிக்காக சார்லஸ் பிரவுனோடு சேர்ந்து 'ஐ வான்ட் டு கோ ஹோம்' பாடினார். பாடகர் சாம் குக்கின் 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ' இதிலிருந்து கிளைத்ததுதான். கேட்டதும் தெரிந்துவிடும். 1960-இல் கிங் ரெக்கார்ட்ஸ் ஒரு கிறிஸ்துமஸ் தட்டு போட்டது. ஒரு பக்கம் பிரவுனின் 'ப்ளீஸ் கம் ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்', மறுபக்கம் மில்பர்னின் 'கிறிஸ்துமஸ் கம்ஸ் பட் ஒன்ஸ் எ இயர்'. பிரவுன் பக்கம் இன்றுவரை ஒவ்வொரு டிசம்பரும் ஒலிக்கிறது. தட்டைத் திருப்பிப் போட்டுத்தான் மில்பர்னின் வாழ்க்கை ஆரம்பித்தது என்பது ஞாபகம் இருக்கிறதல்லவா? இந்தத் தட்டை யாரும் திருப்பவில்லை. பிறகு டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனி அவரைக் கூப்பிட்டு, 'த ரிடர்ன் ஆஃப் த புளூஸ் பாஸ்' என்று ஓர் ஆல்பம் போட்டது. அதில் ஹார்மோனிகா வாசிக்கிற பையன் ஸ்டீவி வொண்டர். இளைஞர்களுக்கான இசையை அச்சடித்த மாதிரி வெளியிட்டுக்கொண்டிருந்த கம்பெனிக்கு இந்த ஆல்பத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே சந்தேகம் என்கிற அளவுக்கு ஓசையில்லாமல் மறைந்தது.

கிளப்புகளில் வாசித்துக் காலம் ஓட்டினார். அறுபதுகளின் கடைசியில் பக்கவாதம் தாக்கியது. மீண்டும் ஒருமுறை தாக்கியது. ஒரு காலையும் எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவையில் 1980 ஜனவரி 3-ஆம் தேதி ஹூஸ்டனிலேயே இறந்தார். வயது 52.

எங்கிருந்து கேட்பது என்று கேட்டீர்கள். முழு அலாடின் பதிவுகளையும் மொசைக் நிறுவனம் 1994-இல் ஏழு சிடிகளாகப் போட்டது. 140-க்கும் மேற்பட்ட பாட்டுகள். இப்போது கிடைத்தால் விலை கையைச் சுடும், தேவையும் இல்லை. இணையத்தில் தனித்தனியாகவே கிடைக்கின்றன. 'டவுன் த ரோட் எ பீஸ்' முதலில். அடுத்து 1947-இல் பதிவான 'சிக்கன் ஷாக் பூகி', தலைப்போடு ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் 1956 பதிவு வந்து நிற்கும். அப்புறம் 'பிவில்டர்ட்', 'ரூமின் ஹவுஸ் பூகி'. இந்த நாலும் காதில் பதிந்த பிறகு 'பேட், பேட் விஸ்கி', 'ஒன் ஸ்காட்ச்'. இந்த வரிசையில் போனால் குடிப்பாட்டுகளும் வேறு மாதிரி கேட்கும். தலைகீழாகத் தொடங்கியதால்தான் உங்களுக்கு அவர் குடிப்பாட்டுக்காரராகத் தெரிந்திருக்கிறார். நேரமிருந்தால் நடுவில் டாமினோவின் 'த ஃபேட் மேன்' ஒரு தடவை போட்டுக் கேளுங்கள், உறவுமுறை புரியும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒன்று மிச்சம். எழுபதுகளில் ஜானி ஓடிஸ் என்ற பேண்டு தலைவர், மறக்கப்பட்ட பழைய ரிதம் அண்டு புளூஸ்காரர்களை ஒவ்வொருவராக ஸ்டூடியோவுக்கு அழைத்து புளூஸ் ஸ்பெக்ட்ரம் என்ற தன் சொந்த லேபிளில் பதிவு செய்தார். சார்லஸ் பிரவுன், லூயி ஜோர்டான், ஜோ டர்னர் எல்லாரும் வந்தார்கள். 1972-இல் மில்பர்னும் வந்தார். பாட முடிந்தது. வலது கை ஏதோ வாசித்தது. பக்கவாதத்தில் இடது கை போய்விட்டிருந்தது. ஓடிஸ் பியானோவுக்குப் பக்கத்தில் வந்து, நண்பனுக்காக இடது கைப் பகுதியைத் தானே வாசித்தார். அந்த ஆல்பம் கிடைத்தால் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு பியானோவின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். அங்கே கேட்பது ஓடிஸின் கை.